கதவிடுக்கில் ஒரு கடுதாசிக் கீலம்

ரெக்ஸ்டேலில் நாங்கள் இருந்த கட்டடத்தில் பனிக்காலம் தொடங்கிவிட்டதை முதலில் அறிவிப்பது லிஃப்ற்தான். கீழ்த்தளத்தில் அதன் கதவு முக்கால்வாசி மூடி, நின்று, நடுங்கி, திரும்பவும் திறந்துகொள்ளும். உள்ளே நிற்பவர்கள் ஆளுக்கொரு தடவை பொத்தானை அமத்துவார்கள். கடைசியில் யாரோ ஒருவர் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துத் தள்ள, லிஃப்ற் சீழ்க்கை அடித்துக்கொண்டு மேலே போகும். கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட கயானாக்காரர் ஒவ்வொரு டிசம்பரும் திருத்துநரை அழைப்பார். அவர் வந்து பெட்டியைக் கழற்றிப் பார்த்து, இயந்திரத்தில் குறை ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். ஏப்ரில் பிறந்ததும் கதவு தன்பாட்டில் சுகமாகிவிடும்.

குறை காற்றில் இருந்தது. அதைக் கையும் மெய்யுமாகப் பிடித்தது ஒரு கூட்டம் சின்னப் பிள்ளைகள்.

ரெக்ஸ்டேல் ரொறன்ரோவின் வடமேற்கு மூலை. றெக்ஸ் ஹெஸ்லொப் என்ற வீடு கட்டும் முதலாளி 1950களில் தோட்ட நிலங்களை வாங்கி எழுப்பிய குடியிருப்பு. ஊருக்கு வாய்த்ததும் அவர் பெயர்தான். மேற்கே பியர்சன் விமான நிலையம், ஊடறுத்து ஓடும் ஹம்பர் ஆற்றின் மேற்குக் கிளை, அல்பியன் வீதியிலும் கிப்லிங் அவெனியூவிலும் நெடுநெடுவென்று நிற்கும் அடுக்குமாடிகள். கனடாத் தமிழர் என்றால் ஸ்காபரோ என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கம் அவ்வளவாகத் தெரியாது. எங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தவை விமான நிலையத்தைச் சுற்றியிருந்த தொழிற்சாலைகளும் பொதிக்கிடங்குகளும். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு ஒரு பிளாஸ்ரிக் போத்தல் தொழிற்சாலையில் இரவு வேலை கிடைத்தது. விரல் நீளக் குழாயைச் சூடாக்கி, அச்சுக்குள் வைத்து, காற்றை அடித்தால் கண் மூடித் திறப்பதற்குள் சோடாப் போத்தல் விழும். அடிக்கிற காற்றின் அமுக்கம் நாம் மூச்சு விடும் காற்றினுடையதைவிட முப்பது நாற்பது மடங்கு. இரவு முழுக்க அந்தச் சத்தத்துக்குள் நின்று, காலையில் 36ஆம் இலக்க பஸ்ஸில் வீடு திரும்புவேன்.

கட்டடத்தில் இருந்த தமிழ்த் தாய்மார் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டார்கள். கீழ்த்தளத்தில் பிறந்தநாள் கொண்டாட வாடகைக்கு விடும் மண்டபத்தை கயானாக்காரர் காசு வாங்காமல் திறந்துவிட்டார். ஆனா, ஆவன்னா என்று தொடங்கி, ஙகரத்தைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் கதிரையில் இல்லை. அவர்களைத் திரும்ப இருத்துவதற்காக மண்டபத்துக் குசினியில் இருந்து ஒரு கிளாசை எடுத்து, அடியில் கடுதாசியைக் கசக்கி அடைத்து, கவிழ்த்து, தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் நேராக அமுக்கினேன். வெளியே எடுத்தபோது கடுதாசி நனையவில்லை. எல்லாரும் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வகுப்பு தமிழில் நடந்தது, பாடம் காற்று.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அந்தக் கிளாஸ் ஒரு புதினமே அல்ல. கப்பிக் கிணற்றில் வாளியை விட்டவருக்கு, வாய் கீழாக விழுந்த வாளிக்குள் தண்ணீர் ஏறாது என்று தெரியும். கயிற்றை மணிக்கட்டால் ஒரு சுண்டுச் சுண்ட வேண்டும். வாளி சரியும், காற்று குமிழ் குமிழாகக் கழன்று மேலே வரும், அந்த இடத்தைத் தண்ணீர் பிடிக்கும். ஐந்து வயதில் அம்மாவின் கையைப் பார்த்துப் பழகுகிற வேலை இது. ரெக்ஸ்டேலில் குழாயைத் திறந்தால் தண்ணீர். சுண்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

எங்கள் ஊரில் காற்றைப் பற்றிய அறிவு தோட்டத்துக்கு உள்ளேதான் கூட இருந்தது. செம்மண் தோட்டங்களில் இறைப்பு மெசின் கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். மாரி முடிந்த கையோடு தண்ணீர் உயர நிற்கிற நாட்களில் பிரச்சினை இல்லை. ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் கீழே போய்விட்டால் மெசின் எவ்வளவு உறுமினாலும் குழாயில் ஒன்றும் வராது. கமக்காரர் கிணற்றுக்குள் பலகை கட்டி மெசினை இறக்கிவிடுவார்கள். காரணம் கேட்டால், "மேல நிண்டு இழுக்க அதுக்குச் சீவன் காணாது" என்பார்கள். மெசினுக்குச் சீவன் தாராளமாக இருந்தது. அது தண்ணீரை இழுப்பதே இல்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றைத்தான் வெளியேற்றுகிறது. கிணற்றுத் தண்ணீரின் முகத்தில் வெளிக்காற்று அமத்துகிற அமத்தலில் தண்ணீர் குழாய்க்குள் ஏறுகிறது. அந்த அமத்தல் தூக்கக்கூடிய நீர்த்தம்பத்தின் உயரம் ஏறத்தாழ 10.3 மீற்றர். மூட்டு இடுக்குகளில் கசியும் காற்றையும் மற்ற இழப்புகளையும் கழித்தால் ஏழு எட்டு மீற்றர்தான் தேறும். இத்தாலியில் கிணற்றுப் பம்புக்காரர்களுக்கும் இதே தொல்லை இருந்ததைக் கலிலியோ 1638இல் வெளிவந்த நூலில் எழுதுகிறார். அவருக்குப் பின் 1644 அளவில் தொரிசெல்லி தண்ணீருக்குப் பதில் அதைவிட 13.6 மடங்கு பாரமான இரசத்தை எடுத்துக்கொண்டார். இரசம் 76 சென்ரிமீற்றரில் நின்றது. கணக்குப் போட்டால் எங்கள் கமக்காரரின் 10 மீற்றர் வரும்.

1990இல் போர் மறுபடி தொடங்கியபின் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. மெசின்கள் ஓய, துலாக்கள் திரும்பவும் ஆடின. மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் பிள்ளைகள் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய், மெல்லிய குழாய்க்குள்ளால் விட்ட நூல் திரி. சுடர் போத்தலுக்குள்ளே இருப்பதால் வாடைக் காற்று அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அதே வாயால்தான் சூடான காற்று வெளியேறவும் வேண்டும், புதுக்காற்று உள்ளே இறங்கவும் வேண்டும். வாயில் பாதியைக் கையால் மூடிப் பார்த்தால் சுடர் ஒடுங்கி, புகைத்து, நீண்டு தள்ளாடும். சோதனைக்குப் படித்த பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் புத்தகத்தில் இருந்த பக்கத்துக்கு வெளிச்சம் தந்த பொருளிலேயே இருந்தது. என் மாணவர்கள் பலர் அதைக் கவனித்தார்கள். சொல்லிக் கொடுத்ததனால் அல்ல. விளக்கு நூந்துபோனால் அன்றைய படிப்பும் போய்விடும் என்பதனால்.

ரெக்ஸ்டேலுக்கு வருகிறேன். கிளாசில் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, கொப்பி மட்டையால் மூடிக் கவிழ்த்தால் தண்ணீர் விழாது. இதை எல்லா ஊரிலும் எல்லா ஆசிரியர்களும் செய்கிறார்கள். வாய் ஏழு சென்ரிமீற்றர் அகலமான கிளாஸ் என்றால், கீழிருந்து மட்டையைத் தள்ளுகிற காற்றின் விசை 39 கிலோவைத் தாங்கும். உள்ளே இருக்கும் தண்ணீரோ கால் கிலோ. எனக்கு இந்தச் செய்முறையில் பெரிய பிரியம் இல்லை. ஒரு முறை 'ஆ' என்று வாயைப் பிளந்தால் அதோடு முடிந்துபோகிறது. மந்திரவாதிக்கும் ஆசிரியருக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது. கிளாசில் பாதிக்குத்தான் தண்ணீர் இருந்தால் என்ன ஆகும், மட்டையில் ஊசியால் ஓட்டை போட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் அது செய்முறை ஆகிறது. இரண்டிலும் தண்ணீர் நின்றது. ஊசி ஓட்டையில் தண்ணீர் நிற்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது, தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை. அதைச் சொல்ல நேரம் வரவில்லை. மட்டை நழுவி ஒரு பையனின் சப்பாத்துக்குள் கால் கிலோ முழுவதும் போனது.

மெழுகுதிரிச் செய்முறைதான் எனக்குப் பிடித்தது. பிடித்ததன் காரணம், அதற்குப் பாடப்புத்தகங்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த விளக்கம் பிழையானது. தட்டில் மெழுகுதிரியை நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, எரியும் திரிக்கு மேல் கிளாசைக் கவிழ்க்க வேண்டும். சுடர் அணையும், கிளாசுக்குள் தண்ணீர் ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன், அதை நெருப்புத் தின்றுவிட்டது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்தது என்பார்கள். ஏறிய தண்ணீரும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக வந்துவிட்டால் ஆசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிடும். மிகப் பழைய செய்முறை இது. பைசாந்தியத்துப் பிலோ என்ற கிரேக்கர் கிறிஸ்துவுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். இரண்டாயிரம் வருடத்துப் பழைமை ஒரு பிழைக்குக் கிடைத்தால் அதை அசைப்பது கஷ்டம்.

நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தட்டைச் சுற்றி அவர்களை முழங்காலில் இருத்தி, பாருங்கோ என்று மட்டும் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை, பத்து வயது இருக்கும், பள்ளிக்கூடத்தில் ஒட்சிசன் கதையைக் கேட்டிருந்தவள், முகத்தைத் தட்டுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"சேர், நெருப்பு ஒட்சிசனைத் தின்னுதெண்டா அது எரியேக்கையே தண்ணி ஏறவேணும். இது நூந்தாப் பிறகுதானே ஏறுது?"

"வேற என்ன கண்டனீங்கள் பிள்ளை?"

"கிளாசை வைச்ச உடனை கரையால குமிழ் வந்தது. உள்ளை இருந்து வெளியாலை."

முழு விடையும் அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்தது. சுடரின் மேல் கிளாசைக் கொண்டுபோகும்போதே உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிகிறது. ஒரு பகுதி விளிம்பால் தப்பி ஓடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து ஒடுங்குகிறது. நீராவியும் தண்ணீராகிவிடுகிறது. வெளிக்காற்று தட்டில் உள்ள தண்ணீரை உள்ளே தள்ளிவிடுகிறது. எரிந்துபோன ஒட்சிசன் சும்மா மறைவதும் இல்லை. மெழுகு எரியும்போது மூன்று பங்கு ஒட்சிசனுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு காபனீரொட்சைட்டு உண்டாகிறது. சுடர் ஒட்சிசன் முழுவதையும் எடுப்பதும் இல்லை. 21 வீதமாக இருந்தது 16 வீதத்துக்குக் கிட்ட இறங்கியதுமே மெழுகுதிரி தோற்றுவிடும்.

இதையெல்லாம் கரும்பலகையில் எழுதியிருந்தால் எடுபட்டிருக்காது. அடுத்த கிழமை அதே அளவான மூன்று கிளாசுகளில் ஒரு திரி, இரண்டு திரி, மூன்று திரி என்று வைத்தோம். மூன்று கிளாசிலும் ஒட்சிசன் ஒரே அளவு. ஆனால் மூன்று திரி எரிந்த கிளாசில் தண்ணீர் கிடுகிடுவென்று மேலே ஏறியது, ஒற்றைத் திரி கிளாசில் கொஞ்சந்தான். அந்தப் பெண்பிள்ளை சிரிக்கவில்லை. தன் பள்ளிக்கூடத்து ரீச்சருக்கு இதைச் செய்து காட்டலாமா, அவர் கோபிப்பாரா என்று கேட்டாள். செய்து காட்டச் சொன்னேன். ரீச்சர் என்ன சொன்னார் என்று அவள் பிறகு சொல்லவே இல்லை.

அந்த 16 வீதத்தில் இன்னொரு விசயம் இருக்கிறது. ஊரில் பாழ்கிணறு துப்புரவாக்க இறங்குமுன் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். லாம்பு நூந்தால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். விளக்கு சாகும் காற்றில் மனிதனுக்குத் தலை சுற்றும், மூச்சு வாங்கும், ஆனால் உடனே உயிர் போகாது. விளக்கு மனிதனுக்கு முன்னே போய் எச்சரிக்கிறது. இதை நம்பி மெசின் இறக்கிய கிணற்றுக்குள் போகக்கூடாது. மெசின் புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு, சுடர் அசையாமல் எரியும் இடத்திலேயே ஆளை விழுத்திவிடும். கிணற்றுக்குள் மெசினை இறக்கி இயக்கப் போய் இறந்தவர்களின் செய்தி இலங்கைப் பத்திரிகைகளில் இன்னும் வருகிறது.

பையன்களுக்கு மெழுகுதிரியில் நாட்டமில்லை. கூடைப்பந்து வீரர் வின்ஸ் காட்டர் 2000ஆம் ஆண்டு டங்க் போட்டியில் வென்ற காலம் அது. ரெக்ஸ்டேல் பையன்கள் எல்லாரும் குப்பைத் தொட்டியைக் கண்டாலும் பாய்ந்து எதையாவது போடுவார்கள். (கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஒன்ராறியோவில் பிறந்தவர் என்பதும், பழக் கூடையில் அவர் 1891இல் அதைத் தொடங்கினார் என்பதும் அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல.) அவர்களுக்காகக் காற்றை நிறுத்தோம். பந்தின் காற்றை, உருண்டை குலையாத அளவுக்குக் குறைத்து, சமையல் தராசில் வைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டோம். பிறகு பம்பால் நன்றாக இறுக அடித்துத் திரும்ப வைத்தோம். நாலைந்து கிராம் கூடியது. பலூனைத் தடியில் கட்டி நிறுக்கும் பழைய முறையைவிட இது நேர்மையானது. பலூன் வெளிக்காற்றில் மிதக்கிற மிதப்பு அந்தக் கணக்கைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

நாலு கிராமா என்று உதட்டைச் சுழித்த பையனிடம் மண்டபத்தை அளக்கச் சொன்னேன். நீளம் 10 மீற்றர், அகலம் 6, உயரம் இரண்டரை. 150 கனமீற்றர். ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ. 180 கிலோ என்று வந்ததும், "எங்கட அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்தாலும் இவ்வளவு வராது" என்றான். அன்று முழுக்க எல்லாரும் குனிந்துகொண்டு நடந்தார்கள்.

கனடாவின் குளிர் இந்த வேலைக்கு நல்ல உதவியாள். ஊரில் காற்றைக் குளிர வைப்பதென்றால் ஐஸ் கம்பனிக்குப் போகவேண்டும். இங்கே பல்கனிக் கதவைத் திறந்தால் போதும். வீட்டுக்குள் 22 பாகை, வெளியே கழித்தல் 20. பலூனை ஊதி, அம்மாமாரின் தையல் நாடாவால் சுற்றளவை அளந்து, வெளியே கட்டிவிட்டோம். 60 சென்ரிமீற்றர் இருந்தது 57க்கு வந்தது. மூன்று சென்ரிமீற்றர்தானா என்று சலிப்பு. ஆனால் சுற்றளவில் இருபதில் ஒன்று குறைந்தால் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது. காற்று எங்கும் போகவில்லை, முடிச்சும் அவிழவில்லை, உள்ளே கொண்டுவந்தால் பலூன் திரும்பவும் பழையபடி. கார் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இந்தச் செய்முறை காசு செலவில்லாமல் நடக்கிறது. 20 பாகையில் 35 இறாத்தல் அமுக்கத்துக்கு நிரப்பிய ரயர் கழித்தல் 20இல் 28க்கு வந்துவிடும். முதல் கடுங்குளிர் காலையில் ரயர் விளக்கு எரிய, ஆணி ஏறிவிட்டது என்று கராஜுக்கு ஓடுகிறார்கள்.

ஒரு செய்முறையை மட்டும் நான் பாதியில் நிறுத்திவிட்டேன். ஜாம் போத்தலின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, அதில் ஒரு உறிஞ்சு குழலை ஒட்டினால் காற்றமுக்கமானி என்று சிறுவர் புத்தகங்கள் சொல்கின்றன. ஹம்பர் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்கு அமுக்கம் அறிவது விளையாட்டல்ல. 1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் சூறாவளியின் மழையில் இந்த ஆறு பெருகி, ரெக்ஸ்டேலுக்குத் தெற்கே றேமோர் டிறைவ் என்ற ஒரே தெருவில் 35 பேரைக் கொண்டுபோனது. ஒன்ராறியோவில் மொத்தம் 81 பேர். அதற்குப் பிறகு பள்ளத்தாக்கில் வீடு கட்ட விடவில்லை. இன்றைக்குப் பிள்ளைகள் சைக்கிள் ஓடும் பூங்காக்கள் அப்படி வந்தவை. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலை என் அம்மா வயிற்றைக் கலக்குகிற கதையாகச் சொல்வார். ஆகவே ஆர்வத்தோடுதான் போத்தலைக் கட்டினோம். உறிஞ்சு குழல் நாள் முழுக்க ஏறி இறங்கியது. ஆனால் அது பார்த்தது வானத்தை அல்ல, ஹீற்றரை. அமுக்கம் 3 வீதம் குறைந்தால் அது ஒரு புயல். அறை 10 பாகை சூடானால் போத்தலுக்குள் இருக்கும் காற்று அதே 3 வீதம் தள்ளும். புயலையும் ஹீற்றரையும் பிரித்தறியாத கருவியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து வானிலை சொல்லச் சொல்வது அநியாயம்.

லிஃப்ற் விசயம் ஒரு பெப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. மண்டபத்தில் இருந்து வெளியே போன ஒரு சின்னவன் கழிப்பறைக் கடுதாசிச் சுருளோடு ஓடி வந்தான். லிஃப்ற் கதவிடுக்கில் கடுதாசியைப் பிடித்தால் அது உள்ளே இழுபடுகிறது என்றான். போய்ப் பார்த்தோம். மூடிய கதவின் இடுக்கில் ஒரு கீலத்தைத் தொங்கவிட்டால், அது படக்கென்று இடுக்குக்குள் ஒட்டிக்கொண்டு படபடத்தது. மேலே என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்க முன்னரே இரண்டு பேர் படியால் ஓடத் தொடங்கிவிட்டார்கள்.

உச்சி மாடியில் கீலம் எதிர்ப்பக்கம் பறந்தது. லிஃப்ற் குழிக்குள் இருந்து காற்று நடைக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. கீழே உள்ளே போகிற காற்று மேலே வெளியே வருகிறது என்றால் இடையில் எங்கோ அது நிற்க வேண்டும். அந்த இடத்தைத் தேடி மாடி மாடியாக இறங்கினார்கள். ஒவ்வொரு தளத்திலும் கீலத்தின் சாய்வு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அது அசையாமல் நேரே தொங்கிய தளம் பத்தா பதினொன்றா என்று சண்டை. பதினெட்டு மாடியில் பாதி ஒன்பதுதானே, ஏன் அதற்கு மேலே போனது என்று ஒருத்தி கேட்டாள். இந்தக் கட்டடத்தில் 13ஆம் மாடி என்ற இலக்கமே இல்லை, ஆனபடியால் கணக்குப் பிழை என்று ஒருவன் வாதாடினான். விடை வேறு: லிஃப்ற் குழியின் உச்சியில் காற்றுப் போக ஒரு வழி வைத்திருப்பார்கள், மேலே வாய் பெரிதென்றால் அந்த நடுநிலைத் தளமும் மேலே ஏறும்.

ஊர் வீட்டுக் குசினியின் புகைக்கூடு செய்கிற வேலையைத்தான் எங்கள் கட்டடம் செய்துகொண்டிருந்தது. கழித்தல் 20 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று 1.4 கிலோ, உள்ளே சூடாக்கிய காற்று 1.2 கிலோ. பாரம் குறைந்த ஐம்பது மீற்றர் உயரக் காற்றுத்தூண் லிஃப்ற் குழியாலும் படிக்கட்டாலும் மேலே ஏறி, உச்சியில் கிடைத்த இடுக்கால் எல்லாம் வெளியேறுகிறது. கீழே குளிர்காற்று அந்த இடத்துக்கு முண்டியடிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். அடித்தளத்தில் இரண்டு சதுரமீற்றர்க் கதவு ஒன்றின் மேல், எல்லாம் அதில் மட்டும் விழுந்தால், பத்துக் கிலோ. நுழைவாயிலும் லிஃப்ற் கதவும் அதைப் பங்குபோட்டுக்கொள்ளும். பங்கு கிடைத்த லிஃப்ற் கதவு பக்கத் தண்டவாளத்தில் அமுங்கி இறுகிப்போகும். இயந்திரம் பாவம், கை ஏதோ மாட்டிவிட்டது என்று நினைத்துத் திறந்துவிடுகிறது. பெரிய கட்டடங்களின் வாசலில் இரட்டைக் கதவு வைப்பதும், சுழல்கதவு வைப்பதும் இதற்காகத்தான். சுழல்கதவுக்கு அமெரிக்காவில் 1888இல் காப்புரிமை எடுத்திருக்கிறார்கள்.

கயானாக்காரரைக் கூட்டி வந்து கீலத்தைக் காட்டினோம். அவர் சுருளில் இருந்து தானும் ஒரு துண்டு கிழித்து, பிடித்து, உள்ளே இழுபடுவதைப் பார்த்தார். பிறகு முன்வாசலின் இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு சிகரெட் பிடிப்பவர்களைத் துரத்தத் தொடங்கினார். லிஃப்ற் முழுதாகத் திருந்தவில்லை, ஆனால் தள்ளுவது குறைந்தது. இரண்டாம் மாடியில் பொரித்த மீன் பதினாறாம் மாடியில் மணப்பது ஏன் என்ற நெடுநாள் வழக்கும் அன்றோடு தீர்ந்தது. குற்றவாளி சமைத்தவர் அல்ல.

பிள்ளைகளை டொன் மில்ஸில் இருந்த ஒன்ராறியோ விஞ்ஞான மையத்துக்கும் கூட்டிப் போனோம். றேமண்ட் மொறியாமா வரைந்த கட்டடம், 1969இல் திறந்தது. தொடாதே என்று எழுதி வைக்காமல், தொட்டுப் பார் என்று விட்ட இடம். ரெக்ஸ்டேலில் இருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேர் நித்திரை. 2024 ஜூன் 21ஆம் திகதி அரசு அதை ஒரே நாளில் மூடியது. கூரைப் பலகைகள் பாரம் குறைந்த காற்றுக்குமிழ்க் கொங்கிறீற்றால் ஆனவை, அவை பழுதாகி வருகின்றன என்பது காரணம். சுண்ணாம்பும் சிமெந்தும் கலந்த குழம்பில் அலுமினியத் தூளைப் போட்டால் வாயு உண்டாகிக் குமிழ் குமிழாக ஊதும். அப்படியே இறுகவிட்டு நீராவியில் அவித்து எடுப்பார்கள். சரளைக்கல் இல்லை, உள்ளே பெரும்பகுதி வெறும் காற்று. 1960களில் மலிவுக்கும் இலேசுக்கும் அதை விரும்பினார்கள். ஈரம் ஏறினால் அது நம்பத்தகாதது என்பது பிறகுதான் தெரிந்தது. மூடாமல் திருத்தியிருக்கலாம் என்று சொல்பவர்கள் பலர். நானும் அவர்கள் பக்கம்தான். ஒரு கூரையைத் திருத்துவதற்கு ஆகும் காசைவிட, பஸ்ஸில் நித்திரை கொண்டு போய் அங்கே விழித்துக்கொள்ளும் பிள்ளைகளின் கணக்குப் பெரிது.

மெழுகுதிரித் தட்டில் குமிழைக் கண்ட பெண்பிள்ளை இப்போது உயர்மாடிக் கட்டடங்களின் சூடாக்கலும் காற்றோட்டமும் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். போன பனிக்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாங்கள் இப்போதும் ஒரு அடுக்குமாடியில்தான். உள்ளே வரும்போதே வாசல் கதவின் அடியில் என் மனைவி மடித்துச் செருகியிருந்த துவாயைப் பார்த்துவிட்டாள்.

"சேர், இதை எடுங்கோ. கூரையில இருக்கிற மெசின் வெளிக்காத்தைச் சூடாக்கி நடைக்கூடத்துக்கு அடிக்குது. கதவுக்குக் கீழை இருக்கிற இடைவெளியாலதான் அது உங்கட வீட்டுக்கை வரும். நடைக்கூடத்தில அமுக்கம் கொஞ்சம் கூட இருக்கவேணும், அப்பதான் ஒரு வீட்டு மணம் மற்ற வீட்டுக்குப் போகாது. எல்லாரும் துவாய் வைச்சா எல்லாம் குழம்பிப்போகும்."

நான் துவாயை எடுத்துவிட்டேன். அவள் போய் அரை மணித்தியாலத்தில் அது திரும்ப அதே இடத்தில் இருந்தது. மனைவியிடம் காரணம் கேட்டேன்.

"எதிர்வீட்டில இண்டைக்குக் கருவாடு. காத்து விதியை அவையளுக்கும் போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ, பிறகு எடுக்கிறன்."